கொப்பியைத் திறந்து வைக்கும் தலைவர்கள்

(தோட்டச் சங்க உத்தியோகத்தர்களுக்கும் இளைஞர் யுவதிகளுக்கும் நடத்தப்பட்ட தலைமைத்துவப் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய் சாமான் வாங்க வேண்டும். அத்தனை வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கீங்க. அதனால் உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைமைத்துவம் என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? மேடை, மைக், கழுத்தில் மாலை. இல்லாவிட்டால் ஆபிஸ் வாசலில் நின்று துரையோடு சத்தம் போட்டுப் பேசுகிற ஒருவர். சத்தம் போட வேண்டிய நேரமும் உண்டு, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருசத்தில் அப்படி எத்தனை நாள் வரும்? ஐந்து நாள், பத்து நாள். மிச்சம் முந்நூற்றைம்பது நாளும் அந்தத் தலைவர் என்ன செய்கிறார்? காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறார், சொன்ன வேலையைச் செய்தாரா, வாங்கின காசுக்குக் கணக்குச் சொன்னாரா? சனங்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே ஒருவருடைய பழக்கவழக்கத்தை மறைக்க முடியுமா?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவர் என்று நான் சொல்வது யூனியன் தலைவரை மட்டும் அல்ல. மரண சகாய சங்கத்துப் பொருளாளர், கோயில் கமிட்டிக் காரியதரிசி, மாதர் சங்கத் தலைவி, வீடமைப்புக் கூட்டுறவுச் சங்க அங்கத்தவர், பிள்ளைக் காம்பரா ஆயா, மலையில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற கங்காணி, எல்லாரும் தலைவர்தான். அம்மா வெளிநாட்டில் இருக்க, தம்பி தங்கச்சியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிற பதினாறு வயசுப் பிள்ளையும் ஒரு தலைவிதான்.

பழைய கொப்பி

நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் தலைமை என்றால் அது பெரிய கங்காணி. ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர் அவர். வழிச்செலவு கொடுத்ததும், அரிசிக் கணக்கு வைத்ததும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கடன் கொடுத்ததும் அவர்தான். நல்ல மனசுக்காரர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் கணக்குக் கொப்பி மட்டும் எப்போதும் அவர் கையிலேயே இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடன்காரனுக்குத் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. கடன் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற தாளுக்குத் "துண்டு" என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால், துண்டில் இருக்கிற தொகையைப் புதுத் தோட்டம் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் போன இடமெல்லாம் கூடவே வரும். தன் கடன் எவ்வளவு என்று தனக்கே தெரியாமல் மனுசன் கைமாறினான். 1921 ஆம் ஆண்டில்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

அது ஒழிந்து நூறு வருசம் தாண்டிவிட்டது. ஆனால் கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைவராக இருக்கிற பழக்கம் முழுசாகப் போய்விட்டதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். "கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ என்ன என்னைய நம்பலியா?" இந்தப் பேச்சை நாம் எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறோம்! கணக்குக் கேட்கிறவன் எதிரி என்று ஆகிவிடுகிறது. அதோடு கூட்டம் இரண்டாக உடைகிறது. மேட்டு லயம் ஒரு பக்கம், பணிய லயம் ஒரு பக்கம். அப்புறம் ஒரு சாவு விழுந்தால் பெட்டி வாங்கக் காசு இல்லாமல் வீடு வீடாக ஓட வேண்டியதுதான்.

வேறு மாதிரியான மனுசர்களும் நமக்கு இருந்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யரைப் பற்றிப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே குற்றம் என்றிருந்த காலம் அது. அவர் துணி வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் போனார். சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தார், காதால் கேட்டார், பிறகு எழுதினார். அட்டன் நகரை மையமாக வைத்து 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம் அமைத்தது அதற்குப் பிறகுதான். முதலில் கேட்டார், அப்புறம்தான் பேசினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை இன்னொன்றைக் கண்டுகொண்டார். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன பிரயோசனம்? சனங்களுக்குப் பழக்கமான மெட்டில் பாட்டுக் கட்டிக் கூட்டத்தில் பாடினார். அந்தப் பாட்டுக்கள் 1940 இல் புத்தகமாகவும் வந்தன. கேட்டவர்கள் அதை மலைக்கும் வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஐயா 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிப் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் தோட்டத்துச் சனங்கள் பாடுகிற நாட்டுப்பாடல்களைத் தேடித் தேடி எழுதி வைத்தார். நம்ம கிழவி பாடுவதை யார் மதிக்கப் போகிறார்கள் என்று நாமே நினைத்த காலத்தில் அவர் கொப்பியும் பேனையுமாகப் போய்க் கேட்டார்.

இதையெல்லாம் சரித்திரப் பாடமாகச் சொல்லவில்லை. இவர்களைப் போல நாம் பாராளுமன்றம் போகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒருவர் சொல்வதைக் கேட்பது, எழுதி வைப்பது, அவருக்குப் புரிகிற மாதிரித் திருப்பிச் சொல்வது, இது மூன்றும் நாம் ஒவ்வொரு நாளும் செய்யக்கூடியவை. காசு செலவும் இல்லை.

நூறு ரூபாக் கொப்பி

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். பெரியதாக வேண்டாம், சட்டைப் பையிலோ படங்குக்குள்ளேயோ வைக்கிற மாதிரிச் சின்னதாக இருக்கட்டும். யாராவது உங்களிடம் ஒரு விஷயம் சொன்னால் அன்றைக்கே எழுதுங்கள். திகதி, ஆளின் பெயர், என்ன கேட்டார். "ஏழாம் நம்பர் வீட்டு அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்திருக்கு, நிறுவையில சந்தேகம்னு சொன்னாங்க." அவ்வளவுதான்.

ஏன் எழுதச் சொல்கிறேன்? பெரட்டுக்களத்தில் ஒருவர் ஒன்று சொல்கிறார், மடுவத்தில் இன்னொருவர் சொல்கிறார், பீலிக்கரையில் மூன்றாமவர். "சரி, பார்ப்போம்" என்று எல்லாருக்கும் சொல்கிறோம். பொழுது சாயும்போது இரண்டு மறந்துபோகிறது. மறந்தது நமக்குச் சின்ன விஷயம். சொன்னவருக்கு அன்றைக்கு அதுதான் பெரிய விஷயம். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம், பிள்ளையின் பால்மா.

எழுதினால் மட்டும் போதாது. திரும்பிப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காரியம் நடந்தால் ஓடிப்போய்ச் சொல்கிறோம். நடக்காவிட்டால் அந்த லயத்துப் பக்கமே போகாமல் மேல் ரோட்டால் சுற்றிப் போகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். "கேட்டேன், இல்லேன்னு சொல்லிட்டாங்க, அடுத்த புதன்கிழமை மறுபடியும் கேக்கப்போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். படட்டும். ஆனால் தேடி வந்து சொன்னார் என்பது அவர் மனசில் நிற்கும். என்னைக் கேட்டால், பத்துக் காரியத்தை முடித்துக் கொடுத்த தலைவரைவிட, ஐந்தை முடித்துவிட்டு மற்ற ஐந்துக்கும் வீடு தேடிப் போய்ப் பதில் சொன்னவருக்குத்தான் அடுத்த முறையும் கைதூக்குவேன்.

இப்போது காசுக் கணக்கு. மரண சகாய சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். விளங்குவதற்காக நானே போட்ட கணக்கு இது. அறுபது குடும்பம், மாதம் நூறு ரூபா. வர வேண்டியது 6,000. வந்தது 47 பேரிடம் இருந்து 4,700. போன மாதக் கையிருப்பு 12,350. இரண்டும் சேர்ந்து 17,050. பணிய லயத்துச் சாவுக்குப் பெட்டி, பந்தல் தகரம், வான் கூலி, தேத்தண்ணிச் செலவு எல்லாம் 9,800. மிச்சம் 7,250. இதைக் கூட்டத்தில் வாசிக்க ஐந்து நிமிசம் ஆகுமா? ஆகாது. வாசித்த பிறகு "இந்தக் காசு இப்ப எங்க இருக்கு?" என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பேங்கில் இருந்தால் பேங்க் புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சுற்றவிடுங்கள். யாராவது கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்ட பிறகு காட்டினால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

ஒரு தாள் எழுதிப் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டுவதும் நல்லது. ஆனால் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஒட்டவும் வேண்டும், சத்தமாக வாசிக்கவும் வேண்டும்.

கட்டாத பதின்மூன்று பேர் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் பெயரைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். அங்கேதான் ரோசம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். ரோசம் வருவது உண்மைதான், ஆனால் காசு வராது. அந்த வீட்டுக்குப் பொழுதோடு போய், இஸ்தோப்பில் உட்கார்ந்து, என்ன கஷ்டம் என்று கேளுங்கள். வைத்தியசாலைச் செலவாக இருக்கும், அடகு மீட்கிற மாதமாக இருக்கும். இரண்டு தவணையாகக் கட்டச் சொல்லலாம். ஒரே ஒரு பெயரை மட்டும் கூட்டத்தில் வாசிக்கலாம். பொருளாளரோ தலைவரோ தானே சந்தா கட்டாமல் இருந்தால், அந்தப் பெயரை அவரே முதலில் வாசிக்கட்டும்! (சிரிப்பு)

படித்த தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேலை சொல்கிறேன். கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டு லீவில் வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். சம்பளம் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் அரைமணி நேரம் இஸ்தோப்பில் உட்காருங்கள். பெரியவர்களின் சம்பளச் சீட்டை வாங்கி வரிவரியாக வாசித்துச் சொல்லுங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கு, மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு, எதெதற்குக் கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிப்பார்கள், தோட்டம் தன் பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3, அது முழுக்கத் தோட்டம் கட்டுவது, நம்ம சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இதைத் தெரியாமலே பென்சன் வயசுக்கு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருசம் இப்படிச் சீட்டு வாசித்துப் பாருங்கள். உங்களை யாரும் தலைவர் என்று கூப்பிடாவிட்டாலும் பிரச்சினை வந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

கூட்டம் எத்தனை மணிக்கு?

இப்போது சொல்லப்போவது ஐயாமாருக்குக் கொஞ்சம் கசக்கும். மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். 1984 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது. சம்பளம் சமமாகிவிட்டது, நாற்காலி சமமாகவில்லை. கமிட்டியைப் பாருங்கள், தலைவர் ஆண், காரியதரிசி ஆண், பொருளாளர் ஆண். அம்மாமார் பாயில் பின்வரிசையில். "அவங்க வர மாட்டேங்கிறாங்க, வந்தாலும் பேச மாட்டேங்கிறாங்க" என்பதுதான் பதில்.

ஏன் வருவதில்லை? கூட்டத்தை ஆறு மணிக்கு வைக்கிறீர்கள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வருகிறாள். வழியில் பிள்ளையைத் தூக்கி வர வேண்டும், தண்ணி எடுக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். ஆறு மணிக்கு அவள் கை மாவில் இருக்கிறது. ஏழரைக்கு அவள் வந்து சேரும்போது தீர்மானம் எல்லாம் முடிந்து தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவள் எதைப் பேசுவாள்? அதனால் தலைவராக இருக்கிறவர் கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் முன் நாலு அம்மாமாரிடம் கேட்க வேண்டும். ஞாயிறு பத்து மணியா, சம்பள நாள் மடுவத்திலேயே அரைமணியா, அவர்களே சொல்லட்டும். அன்றைக்கு ஒரு நாள் அடுப்பை ஐயா பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதுவும் தலைமைத்துவப் பயிற்சிதான், சிரிக்காதீங்க.

உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2018 தேர்தலில் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஆள் தேடும்போது கட்சிக்காரர்கள் பெண்களைத் தேடித் திரிகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவரைத் தலைவியாக்க முடியாது. மாதர் சங்கத்தில் ஐந்து வருசம் கணக்கு வாசித்தவள் பிரதேச சபையில் எழும்பிக் கேள்வி கேட்பாள். இங்கே வாய் திறக்க இடம் கொடுக்காதவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் அவள் பாவம் என்ன செய்வாள்?

கூட்டத்தில் கேட்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது தலைவர் ஃபோனை நோண்டக் கூடாது. பாதியில் "ஆமா ஆமா, தெரியும்" என்று வெட்டக் கூடாது. சத்தமாகப் பேசுகிற மூன்று பேர் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்கள். அவர்கள் பேசி முடிந்ததும் மூலையில் இருக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று கேளுங்கள். முதல் மாதம் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிடுவார். மூன்றாவது மாதம் பேசுவார்.

குடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பள இரவில் தலைவர் ரோட்டில் விழுந்து கிடந்தால், மறுநாள் அவர் ஆபிசில் எவ்வளவு நியாயம் பேசினாலும் பக்கத்தில் நிற்கிறவனுக்கே சிரிப்பு வரும். அவ்வளவுதான்.

கோபம் கொஞ்சம் வேறு. நம்ம நிலைமைக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஆபிசுக்குப் போகும்போது கோபத்தோடு கொப்பியையும் கொண்டு போங்கள். "எப்பப் பார்த்தாலும் நிறுவையில களவு" என்று கத்தினால், "எப்ப, யாருக்கு, எத்தனை கிலோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த இடத்தில் திகதியும் கிலோவும் உங்கள் கொப்பியில் இருந்தால் சத்தம் போடவே தேவை வராது.

ஆபிசுக்கு வெளியேயும் வாசல் உண்டு

முன்பெல்லாம் எல்லாவற்றுக்கும் தோட்ட ஆபிசுதான். ரோட்டு உடைந்தாலும் துரை, பைப் உடைந்தாலும் துரை. பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகவே இப்போது தண்ணிக்கும் பாதைக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் எழுதலாம். தமிழில் எழுதலாம், அது நமக்குள்ள உரிமை. யாரிடமும் போய்ச் சிங்களத்தில் எழுதித் தாங்கோ என்று கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபிஸ் சீலும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத பிரதி வெறும் தாள்தான்.

பதில் வரவில்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம்ம வட்டாரத்துக்கு இந்த வருசம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்று அரசாங்க அலுவலகத்திடம் கேட்கலாம். தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று. நாம் பிரதேச சபையின் கொப்பியைத் திறக்கச் சொல்லிக் கேட்கிற அன்றைக்கு, நம்ம மரண சகாய சங்கத்துக் கொப்பி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகணும்.

கடைசியாக ஒரு விஷயம். உங்கள் வேலையை இன்னொருவருக்குப் பழக்கிக் கொடுங்கள். ஒரே ஆள் பதினைந்து வருசம் பொருளாளராக இருக்கிறார், நேர்மையான மனுசன், ஒரு குறையும் இல்லை. திடீரென்று அவர் பாரிசவாதத்தில் படுத்துவிட்டால் என்ன ஆகும்? கணக்கு முழுவதும் அவர் தலைக்குள் இருந்தால், சங்கமும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் இந்த மாதமே ஒரு பெண் பிள்ளையையோ பொடியனையோ பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். பிழையாகக் கூட்டினால் திருத்துங்கள், கொப்பியைப் பிடுங்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளையே எழும்பி வாசிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பது தலைவர்மாருக்குக் கொஞ்சம் கஷ்டமான வேலை என்று எனக்கும் தெரியும்.

தேத்தண்ணி வந்துவிட்டது, வாசனை அடிக்கிறது. குடித்துவிட்டு வாங்க. கொப்பி கொண்டு வந்தவர்கள் முன்வரிசைக்கு வந்தால், வரவு, செலவு, கையிருப்பு என்று பக்கத்துக்கு எப்படிக் கோடு போடுவது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். கொண்டு வராதவர்களுக்கு மேசையில் தாள் இருக்கிறது. அம்மாமார் முதலில் வாங்க.